கப்பல் என்பது வாழையின் பெயர்

அனுப்புநர்:
திருமதி குணலட்சுமி குகதாசன்,
பிள்ளையார் கோவிலடி,
சண்டிலிப்பாய்.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
வடபுலப் பழப்பயிர் ஏற்றுமதி முன்னேற்றத் திட்டம்,
யாழ்ப்பாணம்.

விடயம்: ‘கப்பல்’ என்னும் வாழை இனம் கடலில் ஓடும் கப்பலாகப் பதியப்பட்டு, அதனால் எனக்குக் கதலிக் கன்று மறுக்கப்பட்டமை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் சண்டிலிப்பாயில் எட்டுப் பரப்புத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாக வாழை செய்து வருகின்றேன். செய்தது கப்பல் வாழை. யாழ்ப்பாணத்தில் இதை எவருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் தங்கள் அலுவலகத்தில் நான் சந்தித்த நால்வருக்கும் விளக்க வேண்டியிருந்ததால் இங்கும் எழுதி வைக்கின்றேன். கதலி, இதரை, மொந்தன் போலக் கப்பல் என்பதும் ஒரு வாழை இனம். என் தோட்டத்துக் குலைகள் சுன்னாகச் சந்தைக்குப் போகும். அதற்கு அப்பால் போனதாக எனக்குத் தெரியாது.

2. சென்ற வருடம் வைகாசியில் தங்கள் திட்டத்தின் கணக்கெடுப்புக்காக உத்தியோகத்தர் திரு. றஞ்சித் வந்தார். படலையடியில் நின்று என்ன வாழை என்று கேட்டார். “எல்லாம் கப்பல்தான்” என்றேன். வேறு என்ன சொல்வது? அவரை நான் குறை கூறவில்லை. அவர் சரியாகவே எழுதியிருக்கலாம். ஆனால் அந்தப் படிவத்தில் ‘அனுப்பும் வழி’ என்றொரு பகுதியும், அதில் தரை, ஆகாயம், கப்பல் என மூன்று கட்டங்களும் உண்டு. யாரோ ஒருவர், எங்கோ ஓர் அறையில் இருந்துகொண்டு, மூன்றாவது கட்டத்துக்குள் என் எட்டுப் பரப்பையும் ஏற்றிவிட்டார். அயலில் கப்பல் வாழை செய்யும் மற்றப் பத்துக் குடும்பங்களும் என்னோடு சேர்ந்து ஏறிவிட்டன.

3. இதன் பயனாக, இவ்வருடம் தாங்கள் வெளியிட்ட எதிர்வுகூறல் அறிக்கையின் 14ஆம் பக்கத்தில், எங்கள் பகுதியிலிருந்து ஆண்டுக்கு அறுபது தொன் வாழைப்பழம் கடல் வழியாக ஏற்றுமதியாகின்றது என்றும், 2030இல் அது இரு மடங்காகும் என்றும் அச்சிடப்பட்டுள்ளது. கனடாவில் இருக்கும் என் மகள் பிரசாந்தி இதை இணையத்தில் வாசித்துவிட்டு, “இவ்வளவு பெரிய வியாபாரம் நடக்குது, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே அம்மா?” என்று தொலைபேசியில் கேட்டாள். சந்தையில் என்னைக் கண்டால் “கப்பல்காரி வாறா, வழி விடுங்கோ” என்கிறார்கள். ஐயா, என் தோட்டத்திலிருந்து இன்றுவரை கப்பலேறியது என் மானம் ஒன்றுதான்.

4. சிரிப்போடு போயிருந்தால் இம்மனுவை எழுதியிருக்க மாட்டேன். சென்ற கார்த்திகைப் புயலில் என்னுடைய 420 மரங்களில் 240 முறிந்து விழுந்தன. பார்க்க வந்த விவசாயப் போதனாசிரியர் செல்வி கமலாவதி, “வெளிநாட்டுக்கு எடுபடுறது கதலிதான். நிக்கிற கப்பலையும் கிளப்பிப்போட்டுக் கிடங்கு வெட்டி வையுங்கோ. ஆவணிக்குள்ளை கன்று தருவினம்” என்றார். 12.02.2026 திகதியிட்ட தங்கள் கடிதமும் அதையே உறுதிப்படுத்தியது. நம்பினோம். மிஞ்சிய 180 மரங்களையும் நானும் கணவரும் வெட்டினோம். அவற்றில் பாதிக்கு மேல் குலை தள்ளியிருந்தன. புயல் விட்டு வைத்ததை நாங்களே கத்தி எடுத்து வெட்டிய அன்று அவர் சாப்பிடவில்லை. பிறகு கன்று நட 420 கிடங்கு வெட்டி, மாட்டெருப் போட்டு, காத்திருக்கின்றோம். அயலிலுள்ள அந்தப் பத்துக் குடும்பங்களும் இப்படியே மரத்தை வெட்டிவிட்டுக் காத்திருக்கின்றன.

5. ஆடியில் வெளியான கன்று பெறுவோர் பட்டியலில் என் பெயரும் அந்தப் பத்துக் குடும்பங்களின் பெயர்களும் இல்லை. விசாரித்தபோது, கன்றுகள் ஏற்றுமதிக்குப் புதிதாக வருபவர்களுக்கு மட்டுமே என்றும், நான் ஏற்கெனவே ஏற்றுமதி செய்பவர் என்றும் கூறப்பட்டது. அதாவது, நான் ஏற்றுமதி செய்கின்றேன் என்று எழுதியிருப்பதால் என்னால் ஏற்றுமதி செய்ய முடியாது. அடுத்த தோட்டத்துச் சிவரூபன் மொந்தன் செய்தவர்; அவருக்கு முந்நூறு கன்று. அவருக்குக் கிடைத்ததில் எனக்கு எரிச்சல் இல்லை. மொந்தன் என்ற பெயரில் ஒரு வாகனம் ஓடாதது அவருடைய அதிர்ஷ்டம்.

6. தங்கள் அலுவலகத்துக்கு நான்கு தடவை வந்துவிட்டேன். மூன்றாம் தடவை, ஏற்றுமதியை நிறுத்திவிட்டதாகக் கொழும்பிலிருந்து கடிதம் பெற்றுவரச் சொன்னார்கள். எழுதிக் கேட்டேன். என் பெயரில் ஏற்றுமதிப் பதிவு எதுவுமே இல்லை, இல்லாததை நிறுத்தியதாகக் கடிதம் தர முடியாது என்று பதில் வந்தது. இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை என்ற சந்தோஷத்தில் அதைக் கொண்டு ஓடிவந்தேன். வாசித்துப் பார்த்த உத்தியோகத்தர், “இது நிப்பாட்டின கடிதம் இல்லையே அம்மா” என்று திருப்பித் தந்தார். மரியாதையாகத்தான் நடத்தினார், கதிரையும் போட்டார். ஆனால் செவிடன் காதில் ஊதிய சங்காகத்தான் திரும்பி வந்தேன். பஸ்சில் எனக்கு அழுகை வந்தது என்பதையும் எழுதிவிடுகின்றேன்.

7. எங்கள் மண்ணில் ஏற்றுமதிக்கு எதிர்காலம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கின்றது என்று நம்பியபடியால்தான் காய்த்து நின்ற மரத்தை வெட்டினேன். கதலி எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு நன்றாக வரும். வாங்குவதற்கு வளைகுடா நாடுகளில் ஆள் உண்டு என்று தங்கள் அறிக்கையே கூறுகின்றது. ஆனால் கன்றை நட்டால்தானே குலை வரும்? தாங்கள் இல்லாத அறுபது தொன்னை இரண்டால் பெருக்கி மேலிடத்துக்கு அனுப்பியிருக்கின்றீர்கள். நாளைக்கு எவராவது அந்த நூற்றிருபது தொன்னைக் கேட்டு வந்தால், எங்கள் பதினொரு குடும்பத்தின் வெறுந்தரையைத்தான் காட்ட வேண்டி வரும்.

8. ஆகவே, 14ஆம் பக்கத்திலுள்ள பிழையைத் திருத்தி, எனது பெயரையும் மற்றப் பத்துக் குடும்பங்களின் பெயர்களையும் கன்று பெறுவோர் பட்டியலில் சேர்க்குமாறு தயவுடன் வேண்டுகின்றேன். கன்று வழங்கல் செப்டெம்பர் 10ஆம் திகதியோடு முடிவடைகின்றது. பிந்தினால் ஐப்பசி மழை பிடித்துவிடும். வேர் பிடிக்காத கன்று தண்ணீரில் அழுகும். ஒரு வருடம் வீணாகும். இன்னொரு வருடத்தைத் தாங்க எங்களால் இயலாது.

இதற்குத் தங்கள் விதிமுறைகளில் இடமில்லை என்றால், ஒன்றை மட்டுமாவது அந்தத் திகதிக்கு முன் எழுத்தில் அறியத் தாருங்கள். தங்கள் கடிதத்தை நம்பி வெட்டிய 420 கிடங்குகளையும் நாங்களே மூட வேண்டுமா, அல்லது மூடுவதற்குத் தாங்கள் ஆள் அனுப்புவீர்களா?

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
கு. குணலட்சுமி

இடம்: சண்டிலிப்பாய்
திகதி: 24.08.2026

இணைப்பு: தங்கள் 12.02.2026 கடிதம், கொழும்பிலிருந்து வந்த பதில், பத்துக் குடும்பத்தாரின் கையொப்பங்கள்.