உன் கல்லறைக்கு அசல் கிரானைட்

மந்தைவெளியில் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கல் அறுக்கும் கடை. இன்று காலை ஈரக் கல்தூள் வாடை மூக்கில் ஏறியதும் உன்னிடம் பேசவேண்டும் போலிருந்தது.

காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாறைகளைப் படித்தோம். நான் பரீட்சையோடு மறந்தேன். நீயோ பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியது போதாதென்று, போகிற வீட்டிலெல்லாம் சமையல் மேடையைத் தடவிப் பார்ப்பாய். என் வீட்டில் பால் காய்ச்சிய அன்று உறவுக்காரர் எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தாய். "கருப்பு கிரானைட்னு ஒண்ணு கிடையவே கிடையாதுடி. உத்துப் பாரு, குவார்ட்ஸ் இருக்கா? இது டோலரைட், வேற பாறை." ஆசை ஆசையாகக் கல் எடுத்த என் மாமியாரின் முகம் சுருங்கிப்போனது. உனக்கு அதெல்லாம் கண்ணில் படாது.

ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டதும் கல்தான். "எனக்கு அசல் கிரானைட் வைக்கச் சொல்லு. என்கிட்ட படிச்ச பசங்க வந்து பார்ப்பாங்க, மானம் போயிடும்." சரி என்று உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உன் தம்பிக்கு இது தெரியாது. துக்க வீட்டில் கல்லைப் பற்றிப் பேச்செடுக்க எனக்கும் வாய் வரவில்லை. துக்கத்தில், ஊரே செய்கிற மாதிரி கருப்புக் கல்லுக்குச் சொல்லிவிட்டான். மறுநாள் அதில் உன் பெயரை வெட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அவனை இழுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

எல்லாம் கிரானைட்தான் என்று சாதித்தார் கடைக்காரர். கருப்பில்தான் எழுத்து எடுப்பாகத் தெரியும் என்றான் தம்பி. அதுவும் நியாயம்தான். நான் வாதாடவில்லை, நீ கேட்டதை அப்படியே சொன்னேன். அவன் கடைக்காரர் பக்கம் திரும்பினான்.

"மாத்திடுங்கண்ணே," என்றான். "இல்லன்னா எங்க அக்கா என்னைச் சும்மா விடாது."

சாம்பல் நிறத்தில் முதலில் காட்டிய கல்லில் கோடுகள் வரிவரியாக ஓடின. சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை, வேண்டாம் என்றேன். அடுத்ததன்மேல் தண்ணீர் ஊற்றச் சொல்லி, வீட்டிலிருந்து எடுத்துப்போன பழைய லென்ஸை வைத்தேன். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று, நீ சொல்லிச் சொல்லிக் காதில் ஏறியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பூமிக்குள் மெல்ல ஆறி இறுகிய கல், கனிம மணிகள் பெரிது பெரிதாக இருந்தன. கண்ணாடிச் சில்லு போலக் குவார்ட்ஸ், தட்டையாகப் பளபளக்கும் வெள்ளை ஃபெல்ட்ஸ்பார், இடையிடையே கருப்பு மைக்கா. வரி ஒன்றுகூட இல்லை. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பெயர் பளிச்சென்று தெரியவில்லை என்று உன் அத்தைக்குக் குறை. சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்குத்தான் வேறொரு தொல்லை. லஸ் கடைத்தெருவில் எந்தக் கடை வாசற்படியைக் கண்டாலும் குனிந்து மணிகளைப் பார்க்கும் புத்தி ஒட்டிக்கொண்டுவிட்டது.

நீ போனதிலிருந்து, சொன்ன சொல் தவறிவிடுமோ என்ற பயத்தில் கல்லறைப் பக்கமே வராமல் இருந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுகிறேன், அழுகை வந்தால் அழுகிறேன். உன் முகத்தில் விழிக்க எனக்குக் கூச்சமில்லை.