மந்திரி பேச்சும் என் ரேடியோக் கடை ஷட்டரும்

ஆவணி 5, புதன்

காலையில் தூறல். பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். கடை ஷட்டருக்கு கிரீஸ் வைக்க வேண்டும். எலி மருந்து. பல்பு ரெண்டு.

மூடிக் கிடக்கும் கடைமேல் திடீரென்று பாசம் எதற்கென்றால், செந்தில் போன் பண்ணினான். தங்கச்சி பாக்கியத்தின் மகன். ஓசூரில் ஆன்லைன் கம்பெனி குடோனில் சூப்பர்வைசர். வெளிநாட்டுக்காரன் பணம் போட்ட கம்பெனி. நம் பக்கம் டெலிவரி சென்டர் திறக்க இடம் தேடுகிறார்களாம்.

"மாமா, அரிமளத்துல நம்ம கடையச் சொல்லி வச்சிருக்கேன். அமைஞ்சா நான் அங்கிட்டே மாத்தல் வாங்கிட்டு வந்துருவேன். அடுத்த மாசம் பார்க்க வருவாங்க."

பாக்கியம் போனைப் பிடுங்கி "எப்ப வாரே, எப்ப வாரே" என்று அதையே கேட்டாள். அவள் புருஷன் போனதிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். என் வீட்டுக்காரி ராஜாமணி போன பிறகு எனக்கும் சோறு போட ஆள் தேவைப்பட்டது. இதை அவளிடம் சொல்வதில்லை. நான் அவளுக்கு அடைக்கலம் கொடுத்ததாகவே ஊரில் பேச்சு. இருக்கட்டும்.

மத்தியானமே மாடி அறையைக் கழுவிவிட ஆரம்பித்துவிட்டாள்.

ஷட்டரைத் திறந்தேன். உள்ளே அதே வாசனை. ஈயப்பற்று, அட்டைப்பெட்டி, ராஜாமணி காட்டும் சாம்பிராணி. ராஜாமணி ரேடியோ ஹவுஸ். புதுக்கோட்டை ஜில்லாவிலேயே முதல் கலர் டி.வி. இங்கேதான் வந்தது. திருச்சியிலிருந்து பஸ் டாப்பில், நான் கட்டிப்பிடித்தபடி. (முதல் இல்லை, மூன்றாவது என்பார்கள். அந்த ரெண்டு பேரும் பொய்.)

ஆவணி 6, வியாழன்

புழுக்கம். கரண்ட் ரெண்டு தடவை போனது.

டெல்லி மந்திரி பேச்சு எல்லா சேனலிலும். ஆன்லைன் கம்பெனிகள் நஷ்டத்துக்கு விற்றுச் சின்னக் கடைகளை விழுங்குகின்றனவாம். வெளிநாட்டுப் பணம் வருகிறதென்று கை தட்ட முடியாதாம். நல்ல பேச்சு. பாதிக்கு மேல் நான் போன வருஷம் டீக்கடையில் பேசியதுதான். எப்படிப் போய்ச் சேர்ந்ததோ.

சாயந்திரம் வணிகர் சங்க அவசரக் கூட்டம். நான் துணைத்தலைவர். கடையை மூடியும் பதவியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. தலைவர் வயிரவன், மளிகைக் கடைக்காரர், ரெண்டு வார்த்தை பேசிவிட்டு மைக்கை என்னிடம் நீட்டினார். "மாப்ள, ஒங்களுக்குத்தான் தொண்டை இருக்கு."

பேசினேன். வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது இவன்கள் கண்டுபிடித்த வித்தையா என்று கேட்டேன். திருக்கோகர்ணத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு ரேடியோகிராம் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டி, மழையில், என் சட்டையைக் கழற்றி அதற்குப் போர்த்திக் கொண்டுபோய்க் கொடுத்ததைச் சொன்னேன். அது உண்மை. சட்டையும் உண்மை. மழை அவ்வளவு பெரிது இல்லை. கடைசியில் "கப்பல் ஏறி வந்தவனைக் கப்பல் ஏற்றாமல் ஓயமாட்டோம்" என்று முடித்தேன். கூட்டம் ஐநூறு பேர் இருக்கும். பாக்கியம் நாற்பது நாற்காலிதான் என்கிறாள். நின்றவர்களை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "அண்ணே, செந்திலு கம்பெனியத்தான வஞ்சுட்டு வந்திருக்கே?"

"அது மேடைப் பேச்சு தாயி. இது வீட்டு விசயம். ரெண்டையும் ஏன் முடிச்சுப் போடுறே?"

"கேக்குறவங்களுக்கு எது மேடை எது வீடுன்னு தெரியுமா?"

சாப்பாட்டில் உப்பு அதிகம்.

ஆவணி 8, சனி

நேற்று மந்திரி கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். அந்நிய முதலீட்டை வேண்டாமென்று சொல்லவில்லை, ஒழுங்காக நடந்துகொண்டால் போதும் என்கிற மாதிரி. பரவாயில்லை, எனக்கும் அதேதான் கருத்து.

சங்கத்து ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. பஸ் ஸ்டாப்புக்கு நேரே இருப்பது என் கடைதானே, ஊரில் எந்த ஃப்ளெக்ஸும் அங்கேதான் கட்டுவார்கள். சின்ன வணிகரைக் காத்த மந்திரிக்கு நன்றி, அந்நிய ஆன்லைனே வெளியேறு என்று எழுத்து, பக்கத்தில் ஆளுயரத்துக்கு நான். கூலிங் கிளாஸ். தலைமுடி கறுப்பாக. தலைவர் படம் எலுமிச்சம்பழ அளவு, அதில் அவருக்கு வருத்தம்.

டீக்கடையில் என் பேச்சு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. "வெளிநாட்டு முதலாளி பாத்தா வயித்தக் கலக்கும்" என்றான் ஒருவன். "பாத்துட்டான், லண்டன்ல மீட்டிங்கே போட்டாச்சு" என்றேன். வீட்டிலும் அதையே சொன்னேன். பாக்கியம் கரண்டியோடு நின்று கேட்டாள்.

ஒரு காலத்தில் பாரின் என்றால் எவ்வளவு மரியாதை. துபாய்க்குப் போன பிள்ளைகள் தோளில் டேப்ரிக்கார்டரோடு நேரே என் கடைக்கு வருவார்கள், ஓடவிட்டுக் காட்ட. அன்னவாசலிலிருந்து ஒருவர் ரெண்டு பஸ் மாறி வந்தார், நம்மூர் ரேடியோவைக் கொடுத்து, "மேல பாரின்னு ஒரு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிக் குடுங்க" என்று. ஒட்டிக் கொடுத்தேன். ராஜாமணி கல்லாவில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அந்த ஸ்டிக்கர் ஒட்டியபின் பாட்டே நன்றாகக் கேட்கிறதென்று அடுத்த வாரம் வந்து சொன்னார் மனுஷன்.

ஆவணி 10, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

அடுத்த மாசம் என்றவர்கள் இன்றைக்கே வந்துவிட்டார்கள். கார். சந்தியா என்று கம்பெனிப் பெண், கோயம்புத்தூர்க்காரி, முப்பது வயசு இருக்கும். நான் சவரம்கூடப் பண்ணவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் அந்தப் பிள்ளை கடைக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. ஃப்ளெக்ஸையும் என்னையும் மாற்றி மாற்றி.

"சார், இது நீங்கதானுங்களா?"

"பழைய போட்டோம்மா."

சிரித்துவிட்டது. நல்ல பிள்ளை. நானும் டீக்கடைக்காரரும் ஏணி போட்டு அவிழ்த்தோம். அவிழ்த்த பிறகே போட்டோ எடுத்தது. உள்ளே அளந்தது, லாரி திரும்ப இடம் பார்த்தது, தரையைத் தட்டிப் பார்த்தது. "இடம் அருமைங்க. எனக்குப் பிடிச்சிருக்கு" என்றது.

பாக்கியம் காபி கொண்டுவந்தாள், வெள்ளி டம்ளரில். அது என் கல்யாணத்துக்கு அப்புறம் பரணை விட்டு இறங்காத டம்ளர்.

நான் கேட்டேன், மந்திரி பேச்சால் எதுவும் உண்டா என்று. கொஞ்சம் யோசித்துச் சொன்னது: "சட்டத்துல ஒரு எழுத்துகூட மாறலைங்க. பேச்சுதான் மாறிட்டே இருக்கு. பணம் போடறவங்க வெளிநாட்டுல இருக்காங்க. சட்டம்னா வக்கீல வெச்சுப் படிச்சுக்குவாங்க. பேச்ச எப்படிங்க படிக்கறது? இன்னைக்குத் திட்டிட்டு நாளைக்கு வாங்கன்னு கூப்பிட்டா, கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்னு உக்காந்துக்குவாங்க."

"மேடைப் பேச்சையெல்லாமா மனசுல வைப்பாங்க?"

"அவங்க ஊர்ல மந்திரி பேசினா அது நடக்குமாமுங்க."

கார் போனபிறகு தலைவர் வந்தார். யார், என்ன என்று. "ஆன்லைன் கம்பெனிக்காரி, எடம் கேட்டு வந்தா. ஃப்ளெக்ஸக் காட்டி அனுப்பிட்டேன்" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. அவிழ்த்த ஃப்ளெக்ஸ் காலடியில் கிடந்தது. கிழிசலைத் தைக்க அவிழ்த்தேன் என்றேன்.

ஆவணி 13, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை.

செந்தில் போன். சென்டர் இல்லையாம். நம் ஊர் மட்டும் இல்லை, சின்ன ஊர்களில் புதிதாக எதுவும் வேண்டாம், டெல்லியில் ஒரு முடிவாகத் தெரியும்வரை நிறுத்தி வையுங்கள் என்று பணம் போட்டவர்கள் சொல்லிவிட்டார்களாம். அவனை நாக்பூர் குடோனுக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். மாட்டேன் என்றால் வேலை இல்லை.

பாக்கியம் அழவில்லை. மாடிக்குப் போய் விரித்த பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வந்தாள்.

"அண்ணே, ஒன் பேச்சாலயா?"

"என்ன கேக்குறே?"

"லண்டன்ல மீட்டிங் போட்டாங்கன்னியே. ஒன் வீடியோவப் பாத்துட்டு."

"அதெல்லாம் சும்மா தாயி. என் பேச்ச யாரு பாத்தா. பஸ் ஸ்டாப்பத் தாண்டல" என்றேன்.

"செந்திலுக்காகச் சொல்றே இப்ப."

"மந்திரி பேச்சாலதான் நின்னுச்சு. எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் ஒண்ணுமில்லாத ஆளு."

"நீயா? ஒண்ணுமில்லாத ஆளா? ஊரே சொல்லுது, அந்தப் பிள்ளைய நீதான் ஃப்ளெக்ஸக் காட்டித் தொரத்துனேன்னு."

"நீதானே காபி குடுத்தே அதுக்கு."

"குடுத்தேன். அதுக்கு முன்னால நீ என்ன சொன்னியோ."

எனக்கு அறுபத்தி நாலு வயசு, இதுவரைக்கும் நான் சொன்ன எதையும் இவள் நம்பினதாக எனக்குத் தெரியாது. டி.வி. பஸ் டாப்பில் வந்ததைக்கூட. இதை நம்பியிருக்கிறாள்.

ஆவணி 14, வெள்ளி

பாக்கியம் என்னோடு பேசவில்லை. சோறு மூடி வைத்திருக்கிறது. செந்திலை அவளிடம் பேசச் சொன்னேன். பேசினான், மாமாவால் இல்லை என்றான். "ஒங்க மாமன விட்டுக்குடுப்பியா நீ" என்று வைத்துவிட்டாள்.

தலைவர் செய்தி: ஞாயிறு காலை சங்கத்தில் எனக்குப் பொன்னாடை. அந்நியக் கம்பெனியை அரிமளத்திலிருந்து விரட்டியதற்கு.

கடையில் போய் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலத்தில் இந்நேரம் மேட்ச் ஓடும். ஷட்டருக்கு வெளியே ரோடு அடைத்து ஜனம். கேபிள் பிய்ந்தால் நான் ஸ்கோர் சொல்வேன், வாய்க்கு வந்தது. மறுபடி படம் வரும்போது நான் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. யாரும் கோபித்ததில்லை. சிரிப்பார்கள். ராஜாமணி மட்டும் "ஒரு நாளு நெசமாவே ஒங்கள நம்பிரப் போறாங்க" என்பாள்.

ஆவணி 16, ஞாயிறு

நல்ல வெயில். வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டுக் கொடியில் தொங்குகிறது. பாக்கியம்தான் போட்டிருக்கிறாள்.

"போய்ட்டு வா. இந்த வீட்டுல ஒருத்தருக்காவது எதாவது கெடைக்கட்டும்." மூணு நாளில் முதல் வார்த்தை.

போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். அங்கே போய் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். அந்தக் கப்பல் ஏற்றுகிற வரிதான் வாயில் வந்தது. நிறுத்திவிட்டேன். வேறு வரி தேடினேன், கிடைக்கவில்லை. செந்தில் நாளைக்கு ரயில் ஏறுகிறான்.

சட்டையைக் கழற்றிவிட்டேன். பனியனோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தலைவர் கார் வாசலில். ஹாரன். பாக்கியத்திடம், அண்ணனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடச் சொன்னேன். போனாள். இங்கே கேட்கிறது.

"காய்ச்சலெல்லாம் இல்லைங்க. நல்லாத்தான் இருக்காரு. வர மனசில்லையாம். நீங்க போங்க."

கார் போய்விட்டது. அவள் இன்னும் உள்ளே வரவில்லை.