என் கையின் கறுப்பு

மகளே,

நான் சொல்லச் சொல்ல நர்ஸம்மா எழுதுகிறார். ஆராய்ச்சிக்கூடத்தில் புது மெஷினைச் சரிபார்க்க என்னைப் போல மூச்சிழுப்புக்காரன் கை வேண்டுமென்றார்கள், கொடுத்தேன். ஒளி பட்டதும் ரத்தம் எழுப்பும் ஓசையை வைத்து அது ஆக்சிஜனை அளக்குமாம். தொண்ணூற்று நான்கு என்றது. ஊசியில் எடுத்த ரத்தமோ எண்பத்தேழு.

"உங்க தோல் கறுப்பு தாத்தா, அதான் கூட்டிச் சொல்லுது. விரல்ல மாட்டுற கிளிப்பும் சில நேரம் இப்படித்தான்," என்றார் டாக்டரம்மா.

"இந்தக் கறுப்பைப் பாத்து என் மாமியார்கூட என்னைக் கூட்டிச் சொன்னதில்லையேம்மா," என்றேன். சிரித்தார்கள்.

உன் அம்மா என்னைவிடக் கறுப்பு. அன்று ஆஸ்பத்திரியில் அவள் விரலில் கிளிப் தொண்ணூற்றைந்து காட்டியதால்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாளே போய்விட்டாள். "அம்மாவ ஏம்ப்பா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தே?" என்று கேட்டுவிட்டுப் போன நீ, ஏழு வருடமாகப் பேசவில்லை.

அவளுக்கு மூச்சு வாங்கியதை என் கண்ணால் பார்த்தும், கிளிப் காட்டியதைத்தான் நம்பினேன். மெஷினைத் திருத்திவிடுவார்களாம்.

உன் அப்பா