திருட்டுப் போன பாஸ் கிடாரைப் பார்க்கப் போகிறேன்

அக்கா,

என் அறையிலிருந்து திருட்டுப் போன பாஸ் கிடார், நாங்கள் பழைய கிடார் வாங்கி விற்கும் வாட்ஸ்அப் குழுவில் விலைக்கு வந்திருக்கிறது. நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டு போலீஸுக்குப் போயிருக்கலாம். ஆனால் விற்கிறவன் "பிக்கப் ரெண்டும் கம்பெனி போட்டது" என்று எழுதியிருந்தான்; தந்தியின் ஒலியைப் பிடிக்கிற காந்தத்தைத்தான் சொல்கிறான். மனுஷன் பொறுப்பானா? "இல்லைங்க, ஒண்ணு மாத்தினது. கழட்டிப் பாருங்க" என்று எல்லோர் முன்னாலும் திருத்திவிட்டேன்.

உடனே எனக்கு மட்டும் பதில் வந்தது: "ஓனர் தம்பியா? நேர்ல வாங்க, பேசிக்கலாம். தனியா வாங்க."

அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் லாரி ஷெட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறான். இருட்டியும் நான் வராவிட்டால் போலீஸிடம் அந்த இடத்தைச் சொல். சாப்பாடு அடுப்பின்மேல் இருக்கிறது. எனக்கும் கொஞ்சம் வை, ஒரு நம்பிக்கைக்கு. சாவியை இனிமேல் செருப்பு அலமாரியில் வைக்காதே. பூட்டை உடைக்காமல் வந்தவன், அவனுக்கு அந்த இடம் தெரியும்.

நேற்று "உன் வேலையப் பாரு" என்று கத்தினேன் அல்லவா? பார்க்காதே.

இன்னொன்று: நீ வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டால் முதலில் பஸ் ஸ்டாப்பில் பார். வருகிற பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு அங்கேயே நின்றாலும் நிற்பேன். வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வா. கொஞ்சம் முரண்டு பிடிப்பேன், நம்பாதே.