நான் எழுந்தால் மூச்சு வாங்கும் கம்ப்யூட்டர்

கும்மிடிப்பூண்டி

அன்புள்ள ஏஞ்சல் அப்பாவுக்கு,

ஆரோக்கியமேரி எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் சுகம். நம் பேனர் கடைக் கம்ப்யூட்டருக்குத்தான் ஒரு மாதமாகச் சுகமில்லை. போனில் சொன்னால் டியூட்டி என்று பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அதனால் லீவு முடிந்து துபாய் திரும்பும் தேசப்பன் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சிப்காட் கம்பெனி ஆட்கள் பேனர் கேட்டு வந்து நிற்பார்கள். திரை அசையாமல் கிடக்கும். சலித்துப்போய் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று மேற்பார்வைக்கு உங்கள் தம்பி அன்புசெல்வனை வைத்துவிட்டுப் போனீர்களே, அந்த மேதாவியைக் கூப்பிட்டேன். அந்தத் துரையும் வந்து பார்த்துவிட்டு வைரஸ் என்றார். வைரஸ் பிடிக்கிற சாஃப்ட்வேர் இரண்டை ஏற்றினார். அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சண்டை போட்டன. பிறகு மெஷின் பழசு என்றார். கடைசியில் என் கைராசி சரியில்லை என்றார். அவருக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்ததுதான் மிச்சம்.

டிசைன் பண்ணுகிற மோனிகாதான் பிராசசரை எது தின்கிறது என்று பார்த்தாள். பேனர் சாஃப்ட்வேர் இல்லை. போன மாதம் நீங்கள் துபாய் திரும்பும்போது போட்டுவிட்டுப் போன, கடைக் கேமராவுக்கான சாஃப்ட்வேர். நான் உட்கார்ந்திருந்தால் அது சும்மா கிடக்கிறது. எழுந்தால் நூறு சதவீதத்துக்கு ஏறி, ஃபேன் இரைகிறது. நம்பாமல் தோப்புக்கரணம் போடுகிற மாதிரி எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். நீங்க எய்ந்தா அதுக்கும் மூச்சு வாங்குது அண்ணி என்று உங்கள் தம்பி சிரித்தார்.

மோனிகா செட்டிங்ஸைத் திறந்ததும் அவர் சிரிப்பு நின்றது. எந்த இடத்தில் ஆள் அசைந்தால் படம்பிடித்து உங்கள் போனுக்கு அனுப்ப வேண்டும் என்று அதில் ஒரு சிவப்புக் கட்டம் போட்டிருந்தது.

“அக்கா, கல்லாவுல போடல, வாசல்லயும் போடல. உங்க சேர் மேலதான் போட்டுக்கிறாங்க” என்றாள்.

அப்புறம் அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. டீ குடிக்கப் போன உங்கள் தம்பி அன்றைக்குத் திரும்பவேயில்லை.

ஆக, நான் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் பாத்ரூம் போனாலும் அங்கே உங்களுக்கு மணி அடித்திருக்கிறது. மத்தியானம் எங்கே போயிருந்தாய் என்று நீங்கள் கேட்டதையெல்லாம் அக்கறை என்று நினைத்தேன், தூ! கடல் தாண்டிப் போன மனுஷன் பெண்டாட்டியின் நாற்காலியைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களா? கோபம்கூட வரவில்லை. அருவருப்பாக இருக்கிறது.

கட்டத்தை அழித்துவிட்டேன். கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது.

அப்பா எப்போது வருவார் என்று ஏஞ்சல் கேட்கிறாள். கிறிஸ்துமஸுக்கு என்று சொல்லியிருக்கிறேன். வாருங்கள். என் எதிரில் உட்கார்ந்து, என்ன சந்தேகம் என்று வாயைத் திறந்து கேளுங்கள், பதில் சொல்கிறேன். கேட்கத் தைரியமில்லை என்றால், பிள்ளைக்கு மட்டும் அப்பாவாக வந்துவிட்டுப் போங்கள்.

மாதா உங்களுக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஏஞ்சலின் அம்மா
ஆரோக்கியமேரி