கைதட்டும் இடம்

என் வீட்டம்மாவுக்கு,

சோழவந்தானில் உன் அக்கா வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே? நேற்று மாலை மறுபடியும் ஒரு ஜாஸ் கச்சேரிக்குப் போனேன். சாக்ஸபோன்காரர் நம் வீட்டு இசைத்தட்டில் இருப்பதை அப்படியே ஒப்பித்தார். அதைக் கேட்க நான் பழங்காநத்தத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போயிருக்க வேண்டியதில்லை.

டிரம்ஸ் வாசித்த பெண்தான் கச்சேரியைத் தூக்கி நிறுத்தினாள். தனியாக வாசித்துக்கொண்டிருந்தவள், நடுவில் சட்டென்று நிறுத்தி ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தாள். போன மாதம் இதே மாதிரி ஓர் இடத்தில்தான் நீ கைதட்டினாய். வாசித்து முடித்த பிறகுதான் தட்ட வேண்டும் என்று, அத்தனை பேர் முன்னால் உன் கையைப் பிடித்து இறக்கினேன். "நல்லா இருந்துச்சு, தட்டுனேன். அதுக்கு இம்புட்டு பேச்சா?" என்றாய். மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டாய்.

நேற்று அந்த இடத்தில் என் கை தானாகத் தட்டிவிட்டது. "அண்ணே, இன்னும் முடியல" என்றார் பின்வரிசைக்காரர். அந்தப் பெண்ணோ என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இன்னும் வேகமாக வாசித்தாள்.

வரும் சனிக்கிழமையும் அவள் வாசிக்கிறாள். இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். நான் ஒருவன் மட்டும் தட்டினால் சத்தம் போதவில்லை.

இப்படிக்கு,
உன் கையைப் பிடித்து இறக்கியவன்