ஒரு வீட்டிலிருந்து ஒருவர்

சான் எலாதியோ,
ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் போன மத்தியானம்

என் அன்பு மகள் யுனைசிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தம்பி ஓஸ்வெலும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், இப்போது அதுவே பெரிய காரியம். மான்டெரேயில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் தாமியானும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. பேரனுக்கு இருமல் என்று நீ போனில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துவிட்டது, அதிலிருந்து உன் அம்மா என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறாள், ஏதோ நான்தான் லைனை அறுத்துவிட்ட மாதிரி. நர்ஸ் வேலை பார்க்கிற உனக்கு நான் மருந்து சொல்லக்கூடாது, இருந்தாலும் ராத்திரி நெஞ்சில் வெதுவெதுப்பாக எண்ணெய் தடவிவிடு, ஃபேனுக்கு நேரே படுக்கவைக்காதே. அங்கே ஃபேன் எந்நேரமும் ஓடும் என்கிறாய், இங்கே அந்தக் கவலை இல்லை.

செய்தி உனக்கு முன்பே வந்திருக்கும், பிளேஆஃப் இறுதிச் சுற்றில் நாம் ஜெயித்துவிட்டோம். ஏழாவது ஆட்டம், சொந்த மைதானம், ராத்திரி விளக்குப் போட கரண்ட் இல்லாததால் மொட்டை வெயிலில் ஆடினோம். இந்த அணிக்கு நான் மேனேஜராக வந்து ஒரு தலைமுறை ஆகப்போகிறது, இப்படி ஒரு வெற்றி வந்தால் எப்படியெல்லாம் இருக்கும் என்று எத்தனையோ தடவை படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன், இப்படி இருக்கும் என்று மட்டும் நினைக்கவில்லை. ஜெயிக்கிற அணி மெக்சிகோ போட்டிக்குப் போகும், அதுவும் உன் ஊருக்கே, மான்டெரேக்கே. வெளிநாடு போகிற அணி எப்படித் திரும்பும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பூங்கா மூலையில் காலையிலிருந்து உட்கார்ந்து பேஸ்பால் சண்டை போடுகிற கூட்டம் என்னைக் கண்டதும் எழுந்து கைதட்டியது, தட்டி முடிப்பதற்குள் செருப்புத் தைக்கிற பாஸ்குவால், எவேலியோ, போறப்ப பிளேன் நிறைய ஆளு போவாங்க, வர்றப்ப மட்டையும் மூட்டையும்தான் வரும், நீ மட்டைக்கு இப்பவே ஒரு சீட்டு போட்டு வையி என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. என்னிடம் இருப்பதே மீசை சரியாக முளைக்காதவர்களும் முழங்கால் தேய்ந்தவர்களும்தான், இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்கள் எல்லாம் வெளிநாட்டில் ஆடப்போன இடத்தில் எப்போதோ தங்கிவிட்டார்கள். பார், எனக்கும் அந்த வார்த்தைதான் வருகிறது. போனவனைத் தங்கிட்டான் என்கிறோம், இங்கேயே கிடக்கிற எங்களைச் சொல்ல ஒரு வார்த்தை கிடையாது.

அந்த வார்த்தையால் வந்த கூத்தைக் கேள். ஜெயித்த மறுநாள் சர்ச்சுக்கு எதிரே மேடை போட்டு எங்களை நிற்கவைத்தார்கள். மாகாண அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர், பாவம் நல்ல ஆள்தான், மைக்கைப் பிடித்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நம்ம பசங்க மெக்சிகோவுல கடைசி வரைக்கும் தங்குவாங்க, இது சத்தியம் என்று முழங்கினார். போட்டியில் கடைசிவரை நிலைத்து நிற்பார்கள் என்று சொல்ல வந்தார், வாய் இப்படிச் செய்துவிட்டது. கூட்டத்தில் எங்கேயோ ஒரு பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டு களுக்கென்றாள், அவ்வளவுதான், மொத்த ஊரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அவர் தக்காளி மாதிரி சிவந்துபோய், போட்டியில, போட்டியிலன்னு சொன்னேன் என்று கத்துகிறார், யார் கேட்கிறார்கள். நானும் பக்கத்தில் நின்ற உன் தம்பியைப் பார்த்துச் சிரித்தேன் யுனைசி. அவன் சிரிக்கவில்லை. குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான், அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

ஆட்டத்தைப் பற்றி யாரிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டும், உன்னிடம் சொல்கிறேன். அன்று காலையில் நான் கிளம்பும்போது உன் அம்மா வாசல்வரை வந்து, கிழவா, இன்னைக்கு நீ தோத்துட்டு வந்தா நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன், கறுப்பு பீன்ஸும் மரவள்ளிக்கிழங்கும் ஆக்கி வைக்கிறேன், பேசாம சாப்பிட்டுப் படுத்துக்கலாம் என்றாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஒன்பதாவது இன்னிங்ஸ், ஸ்கோர் சமம், மூன்றாவது பேஸில் நம் ஆள் நிற்கிறான், ஒருத்தன்தான் அவுட், மட்டையோடு போய் நிற்பது உன் தம்பி. பக்கத்தில் என் உதவியாளன் நெமேசியோ காதைக் கடிக்கிறான், அண்ணே, பையன் இன்னைக்குப் பந்தைத் தொடவே இல்ல, அவனை எடுத்துட்டு நம்ம குண்டனை அனுப்புங்க, ஒரே வீசு வீசுவான். அவன் சொன்னதில் தப்பில்லை. குண்டனை அனுப்பியிருந்தால் அநேகமாக அவுட் ஆகியிருப்பான், ஆட்டம் கையை விட்டுப் போயிருக்கும், ஊரில் ஒருத்தரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், உன் அம்மாவின் பீன்ஸும் வீணாகியிருக்காது. தோற்பதற்கு அதைவிட நல்ல வழி யாருக்கும் கிடைக்காது. நான் தொப்பியைத் தொட்டு இடுப்பு பெல்ட்டைத் தொட்டேன். வீசாதே, பந்தை மட்டையால் மெல்லத் தொட்டுக் கீழே வை என்று அதற்கு அர்த்தம். உன் தம்பி என்னையே பார்த்தான், ரொம்ப நேரம் பார்த்தான், அம்பயர் அதட்டுகிற வரைக்கும். அவனுக்கும் தெரியும், இந்தப் பந்தைச் சரியாக வைத்தால் எங்கே போய் முடியும் என்று. பிறகு வைத்தான் பார், கோட்டை ஒட்டியே குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வைத்தான், மூன்றாவது பேஸில் நின்ற நம் ஆள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடிவந்து கோட்டில் விழுந்தான், அம்பயர் ரன் என்று கையை விரித்துக் காட்டினார். நெமேசியோ என்னைத் தூக்கிச் சுற்றினான். அந்த ஒரு நிமிஷம் நான் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன், தோற்க எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா ரேடியோவின் பேட்டரியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். தட்டை என் முன்னால் வைத்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. போன செவ்வாய் விளையாட்டு அலுவலகத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள், அதில் காபிக்கொட்டையைவிடக் கலப்புக்கு வறுத்து அரைத்த பட்டாணிதான் அதிகம், இருந்தாலும் கொடுத்தார்கள். ஒரு வீட்டிலிருந்து ஒருத்தர்தான் போகலாமாம், ஏற்கெனவே நீ அங்கே தங்கிவிட்டதால் நம் வீட்டைத் தனியாகக் கவனிக்கிறார்களாம். நீங்க போறீங்களா, பையன் போறானா, நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க எவேலியோ, உங்க மேல எங்களுக்கு நம்பிக்கை இருக்கு என்றார் அந்த அதிகாரி. அந்த நம்பிக்கைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். பையன் திரும்பாவிட்டால் அணி எனக்குக் கிடையாது, என்னை அந்த மைதானத்துப் பக்கம் புல் வெட்டக்கூட விடமாட்டார்கள்.

வீட்டில் சொன்னதும் உன் அம்மா பிடித்துக்கொண்டாள். நீ போ கிழவா, நீயே போ, பொண்ணை ஒரு தடவை பார்த்துட்டு வா, பேரனைத் தூக்கிக் கொஞ்சிட்டு வா, அவன் தலைமுடி என்ன வாசனையா இருக்குன்னு வந்து எனக்குச் சொல்லு, நீ திரும்பி வந்துடுவே, உன்னை எனக்குத் தெரியும், அவன் வரமாட்டான் என்றாள். எனக்கு ஆசை இல்லையா மகளே. நீ கிளம்பிப்போன பிறகு உன்னை நேரில் பார்க்கவில்லை, பேரனை ஒரு தடவைகூடத் தொடவில்லை, எட்டி நின்று பார்த்தால்கூடப் போதும் என்றுதான் இருந்தது. இரண்டு ராத்திரி தூங்காமல் புரண்டேன். ஆனால் உன் தம்பி செய்கிறதையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். தண்ணீர் வருகிற நாளில் வீட்டில் இருக்கிற தொட்டி, பானை, பெயிண்ட் டப்பா எல்லாவற்றையும் நிரப்பி வைக்கிறான். ஒழுகுகிற கூரையில் ஏறி அடைத்தான். பிரஷர் குக்கர் ரப்பரை எப்படி மாற்றுவது என்று அம்மாவுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறான், அவள், எனக்கு எதுக்குடா இது, நீதான் இருக்கியே என்கிறாள், அவன் தலையை நிமிர்த்தாமல், சும்மா தெரிஞ்சு வச்சுக்கோம்மா என்கிறான். நீ போவதற்கு முன்னால் என் சட்டைக்கெல்லாம் பித்தான் தைத்து வைத்தாயே, நான் அப்போது மரமண்டை, பொண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன். இந்தத் தடவை எனக்குப் புரிகிறது. அவன் பெயரைத்தான் கொடுத்தேன். உன் அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், உப்பு வேண்டுமென்றால்கூட ஓஸ்வெலிடம் சொல்லித்தான் கேட்கிறாள். அவனும் போய்விட்டால் யாரிடம் சொல்லிக் கேட்பாள் என்று தெரியவில்லை.

இனி இங்கே எதுவும் சரியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை யுனைசி. சரியாகிவிடும் என்று உன்னிடம் போனில் நான் சொல்வதெல்லாம் லைனை ஒட்டுக்கேட்கிறவர்களுக்காகச் சொல்வது. அடுத்த வருஷம் அணி இருக்குமா என்றே தெரியாது, கிழிந்த பந்தைத் தைத்துத் தைத்து அது பந்து மாதிரியே இல்லை. ஜெயித்ததால்தான் இவ்வளவு சீக்கிரம் முடிகிறது, தோற்றிருந்தால் கொஞ்சம் மெதுவாக முடிந்திருக்கும்.

உன் தம்பியைப் பற்றிச் சிலது சொல்லிவிடுகிறேன். வலது தோள் குளிரில் பிடித்துக்கொள்ளும், சூடு காட்டாமல் பந்தை எறியவிடாதே. உன்னை லட்சாதிபதி ஆக்குகிறேன் என்று எவனாவது வாசலில் வந்து நின்றால் நீயும் மாப்பிள்ளையும் படித்துப் பார்க்காமல் தம்பியைக் கையெழுத்துப் போடவிடாதே. மனசு சரியில்லை என்றால் சாப்பிட மாட்டான், கேட்டால் இப்பத்தான் சாப்பிட்டேன் என்பான், நம்பாதே. பேஸ்பால் கிடைக்காவிட்டால் வேறு வேலைக்கு அனுப்பு, அதற்காக வெட்கப்பட வேண்டாம் என்று அப்பா சொன்னதாகச் சொல். முதல் சில நாள் அவனை இங்கே போன் பேசவிடாதே, நீயும் பேசாதே.

இந்தக் கடிதத்தை அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். கேட்டான், அக்காவை நான் எப்படிப்பா பார்ப்பேன், ஹோட்டலை விட்டு வெளிய விடமாட்டாங்களே, தங்கிட்டவங்களைக் கிட்டவே சேர்க்க மாட்டாங்களே என்றான். பார்க்க முடிந்தால் கொடு, முடியாவிட்டால் பிரிக்காமல் திருப்பிக் கொண்டுவந்து என்னிடமே கொடுத்துவிடு என்றேன். இதை மடித்து வைக்கத் தன் பேஸ்பால் கையுறைக்குள் இப்போதே இடம் பண்ணி வைத்திருக்கிறான். உன் அம்மாவிடம் மட்டும், அவன் தங்கிவிட்டால்தான் இது உன் கைக்கு வரும் என்ற உண்மையைச் சொன்னேன். அவள் கன்னிமாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, இந்தக் கடிதம் பிரிக்காமல் திரும்பி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் நானும் முழங்காலிட்டேன், எனக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

கடவுள் உன்னையும் பேரனையும் மாப்பிள்ளையையும் காக்கட்டும், உங்கள் தலைமேல் என் கை எப்போதும் இருக்கிறது. மறந்துவிடாதே, இதை நீ படித்துக்கொண்டிருந்தால் அவன் உன் வாசலில் நிற்கிறான் என்று அர்த்தம். மீதியை அப்புறம் படி, முதலில் அவனை உள்ளே கூப்பிடு.

அன்புள்ள அப்பா,
எவேலியோ